பாதம் வைத்த எழுத்து

பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஜெபக்கனி டீச்சரின் எழுத்துப் பட்டறை இருந்தது. எழுத்து என்றால் கதை, கவிதை அல்ல. அச்சில் நாம் பார்க்கிற 'அ' எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், 'ழ' தன் காலை எங்கே மடக்கிக்கொள்ள வேண்டும் என்று வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற இடம். டீச்சருக்கு முப்பத்துமூன்று வயது. இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தார். வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்கிற பேர் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பேர் மாசானம். குருவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இருபது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலையை உதறிவிட்டு, "எனக்கு எழுத்து வரையச் சொல்லிக்குடுங்க" என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

வேலையை விட்டாரே ஒழிய பழக்கத்தை விடவில்லை. அச்சான எந்த வரியைக் கண்டாலும் அதில் எங்கேயோ தப்பு ஒளிந்திருக்கிறது என்றே நினைப்பார். பாலை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். 'சாப்பிட்டீங்களா' என்று யாராவது கேட்டால், எதற்காகக் கேட்டார் என்று சாயங்காலம்வரை யோசிப்பார். தன் வீட்டு விஷயம் எதையும் வெளியே சொல்ல மாட்டார். சொன்னால் அதை வைத்து யாராவது ஏதாவது செய்துவிடுவார்களாம். என்ன செய்வார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

டீச்சர் வரைந்ததிலேயே பேர் வாங்கியது 'இளவெயில்' என்கிற எழுத்து. கோடு தடித்துத் தொடங்கி மெல்ல இளைத்து வரும். வயிறுகள் எல்லாம் உருண்டையாக இருக்கும். ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் இருக்கும். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு செரீஃப் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பட்டறையில் அதற்குப் பேர் பாதம்தான். அந்தப் பாதம் இருப்பதால் எழுத்துகள் வரியில் ஆடாமல் நிற்கும், கண்ணும் தடுக்காமல் நடக்கும்.

கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்தில் போட்டால் நேரில் வந்து கூப்பிட்டது போல இருக்கும் என்றார்கள். கருமாதிக் கடிதத்தைப் போட்டால் அலறாமல் அழுதது போல இருக்கும் என்றார்கள். அப்பள டப்பாவிலும் பள்ளிக்கூடப் பாட்டுப் புத்தகத்திலும் கோயில் நோட்டீசிலும் அதுதான்.

மாசானத்துக்கு மட்டும் அந்த எழுத்தின் மேல் சந்தேகம்.

ஒருநாள் காலையில் கேட்டே விட்டார்.

"டீச்சர், இந்த எழுத்து எல்லாரையும் நம்ப வைக்குதே, அது நல்லதா?"

"எத வச்சுச் சொல்லுதீங்க?"

"பாத்தாலே தெரியுதே. சிரிச்ச மொகத்தோட வந்து நிக்கி. சிரிச்ச மொகத்தோட வாறவன எனக்குப் பிடிக்காது."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஏதாவது ஒரு பொய்யப் போட்டு ஒட்டிப் பாருங்க."

மாசானம் இதற்காகவே காத்திருந்தவர் போல உட்கார்ந்தார். 'நாளை தண்ணீர் வராது' என்று இரண்டு தாள் அடித்தார். ஒன்று வழவழவென்று பாதமே இல்லாத மொட்டை எழுத்தில். இன்னொன்று இளவெயிலில். திங்கட்கிழமை மொட்டை எழுத்தை மாடிப்படிச் சுவரில் ஒட்டினார். அந்தக் கட்டடத்தில் நாலு கடை, மூன்று குடித்தனம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை இளவெயிலை ஒட்டினார். ஒரு மணி நேரத்தில் குழாயடியில் சண்டை வந்துவிட்டது. கீழே பாத்திரக்கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த அண்டா, குண்டா, தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு பாத்திரம் இல்லாமல் நின்றார்.

மாசானம் மாடி ஏறிப் போனபோது டீச்சரும் ஒரு குடத்தைத் தூக்கி மூலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அது பொய். நாந்தான் ஒட்டினேன்."

"தெரியும்."

"பின்ன ஏன் பிடிச்சீங்க?"

"குடம் காலியா இருந்துச்சு அண்ணாச்சி."

இது ஒரு பதிலா என்று மாசானத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் தன் சந்தேகம் சரி என்று ஆகிவிட்டதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இந்த எழுத்து ஆபத்தானது. போடுகிறவன் கெட்டவனாக இருந்தால் ஊரையே கவிழ்த்துவிடலாம்.

கெட்டவன் சீக்கிரமே வந்து சேர்ந்தான் என்று அவர் நினைத்தார்.

வந்தவர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர். கையில் ஒரு ஃபாரம், அதை ஏற்றிய ஒரு பென் டிரைவ். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி கையெழுத்துப் போடுகிற சம்மதப் படிவம். கன்னங்கரேல் என்று தடித்த எழுத்து, வரிக்கு வரி மூச்சு விட இடமில்லாமல் நெரிசல்.

"இதப் பாத்தாலே பேஷண்டுங்க கை நடுங்குது டீச்சர். பிரஷர் ஏறிருது. ஒங்க கல்யாணப் பத்திரிக எழுத்து இருக்குலா, அதுல போட்டுக் குடுங்க. வாசகத்துல கை வைக்காண்டாம். எழுத்த மட்டும் மாத்துனா போதும்."

"வச்சுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல சொல்லுதேன்," என்றார் டீச்சர்.

மேனேஜர் படியிறங்குவதற்குள் மாசானம் ஆரம்பித்துவிட்டார்.

"வேண்டாம் டீச்சர். இது சரியில்ல."

"ஏன்?"

"பயந்தா ஜனங்க யோசிப்பாங்க. பயம் போச்சுன்னா கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாங்க. அதுக்குத்தான் இந்த எழுத்தக் கேக்கான். ஊசி போடுறதுக்கு முன்னால மிட்டாய் குடுக்கிற மாதிரி."

டீச்சர் ஃபாரத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். இரண்டு நாள் கழித்து மேனேஜருக்குப் போன் செய்து, "போட்டுத் தாரோம்" என்றார். அப்புறம் மாசானத்தைக் கூப்பிட்டு அந்த ஃபாரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே போடுங்க அண்ணாச்சி."

மாசானத்துக்கு டீச்சர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சொல்லியும் எதற்காகச் சம்மதித்தார்? ஆஸ்பத்திரிக்காரன் ஏதாவது சொல்லி மயக்கிவிட்டானா? வேண்டாம் என்று சொன்ன ஆளிடமே வேலையைக் கொடுப்பது என்ன கணக்கு?

இருந்தாலும் உட்கார்ந்தார். முதலில் ஒரு காரியம் செய்தார். யாருக்கும் தெரியாமல் எழுத்தின் பாதங்களை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சீவிக் கூர்மையாக்கினார். வரிகளை நெருக்கினார். படிக்கிறவருக்கு எங்கேயாவது குத்தட்டும், சந்தேகம் வரட்டும் என்று எண்ணம்.

டீச்சர் அந்தத் தாளின் மேல் விரலை வைத்து ஒரு தடவை ஓட்டினார்.

"செருப்பில்லாம முள்ளுல நடக்க விட்டிருக்கீங்க. மறுபடியும் போடுங்க."

மாசானம் மாட்டிக்கொண்டார். மறுபடியும் போட்டார். இந்தத் தடவை, என்ன இருந்தாலும் கைவேலைக்காரர் அல்லவா, வேலை அவரை இழுத்துக்கொண்டது. பத்திக்குப் பத்தி இடம் விட்டார். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தைச் சரிபார்க்கும்போது தாளைத் தலைகீழாக வைத்துத்தான் பார்ப்பார்கள். நேராக வைத்தால் மனசு வாக்கியத்தைப் படிக்கப் போய்விடும், எழுத்தின் வடிவம் கண்ணில் படாது. மாசானம் அந்தப் படிவத்தை நாற்பது தடவை தலைகீழாக வைத்துப் பார்த்தார். எந்தக் கொம்பு சரிந்திருக்கிறது, எந்தப் பாதம் பக்கத்து எழுத்தை மிதிக்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. படிவம் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நன்றி சொல்லிப் போன் வந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். மாசானத்தின் தங்கச்சி புருஷன் காலையிலேயே போன் பண்ணினார்.

தங்கச்சி பேர் இசக்கியம்மாள். முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. கருப்பையில் கட்டி இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் குழந்தை தங்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதெல்லாம் மாசானத்துக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது: அவர் படிவம் போட்டுக் கொடுத்த அதே ஆஸ்பத்திரி.

"இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன் மச்சான். ஃபாரம் குடுத்திருக்காங்க, கையெழுத்துப் போடச் சொல்லி."

அந்த மிட்டாயைத் தயார் பண்ணியவர் மாசானம்தான். பாதம் பாதமாகத் தேய்த்து மினுக்கி, எவனோ எதற்கோ விரித்த வலையைத் தன் கையாலேயே பின்னிக் கொடுத்திருக்கிறார். அதில் கூடப்பிறந்தவளே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"போடாண்டாம்னு சொல்லுங்க! நான் வாறேன்!"

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தார். வார்டுக்குள் நுழையும்போது இசக்கி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் படிவம். இளவெயில் எழுத்து, தாளில் குளிர் காய்வது போல சாவகாசமாக இருந்தது.

"போட்டுட்டியாட்டி?"

"இல்லண்ணே."

"போடாத. இந்த எழுத்த நம்பாத. இது பாக்கத்தான் நல்லாருக்கும். எனக்குத் தெரியும், நாந்தான்…"

"அண்ணே, ஒன்பதாவதுல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?"

ஒன்பதாம் பத்தியின் மூன்றாவது வரியில் 'று' கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்ததும் அதைத் தான் நிமிர்த்தியதும் மாசானத்துக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பத்தியில் என்ன எழுதியிருந்தது என்பது ஞாபகத்தில் இல்லை. ஞாபகம் இருக்க வேண்டுமானால் படித்திருக்க வேண்டும்.

இசக்கி அவளே வாசித்தாள். பத்தாங்கிளாஸ் படித்தவள், நிறுத்தி நிறுத்தித் தெளிவாக வாசித்தாள்.

"'அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர் தேவை என்று கருதினால், கட்டியுடன் கருப்பையையும் அகற்றிக்கொள்ள இதன்மூலம் முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன்.' கட்டிய மட்டும் எடுப்போம்னுதாண்ணே எங்கிட்டச் சொன்னாங்க."

பக்கத்துக் கட்டிலில் மருமகளுக்குத் துணையாக வந்திருந்த ஓர் அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இங்கதான் பாத்தது, மூணு வருசத்துக்கு முந்தி," என்றார். "கட்டின்னு சொல்லித்தான் வந்தேன். முழிச்சுப் பாத்தா எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னாங்க. கேட்டதுக்கு, நீதான கையெழுத்துப் போட்டேன்னு ஃபாரத்தக் காட்டுனாங்க. இப்ப நீ வாசிச்ச அதே வாசகந்தான். கருகருன்னு எறும்பு மொய்ச்ச மாதிரி இருந்துச்சு. எந்த எடத்துல போடணும்னு கேட்டேன், போட்டேன். யாரு அதயெல்லாம் வாசிச்சா?"

"நீ எப்படிட்டி வாசிச்ச?" என்றார் மாசானம்.

"என்னமோ அக்கா வீட்லருந்து கடுதாசி வந்த மாதிரி இருந்துச்சுண்ணே. வாசிச்சுட்டே போயிட்டேன்."

அவர் வருவதற்கு முன்பே அவள் நர்ஸிடம் கேட்டிருந்தாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தாள். டாக்டர் வந்தார். முதலில், இது எல்லாருக்கும் வழக்கமாகப் போடுகிற வாசகம்தான் என்றார். இசக்கி படிவத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

"வழக்கம்னா இருக்கட்டும் சார். எனக்குப் பிள்ள வேணும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பேசினார். எந்த நிலைமையில் கருப்பையை எடுக்க நேரும், எந்த நிலைமையில் வேண்டாம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்குச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்து ஒன்பதாம் பத்தியைக் குறுக்கே அடித்து, 'உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கருப்பையை அகற்றலாம்' என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இசக்கி போட்டாள்.

மாசானம் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதார். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பாலை முகர்ந்து பார்க்கிற மனுஷன், யார் சொன்னதையும் நம்பாத மனுஷன், நாற்பது தடவை கையில் எடுத்த தாளில் தன் தங்கச்சியின் வயிறு எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை மட்டும் எடுத்தார்கள். வேறு எதற்கும் தேவை வரவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரி மேனேஜர் மறுபடியும் பட்டறைப் படி ஏறினார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், இந்த எழுத்து ஒத்துவரலியே."

"ஏன், பயப்படுதாங்களா?"

"பயமெல்லாம் போயிட்டு. ஆனா எல்லாரும் வாசிக்காங்க."

டீச்சர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"முதல் வரிலருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்காங்க. வாசிச்சுட்டு ஒன்பதாவது என்ன, ஒன்பதாவது என்னன்னு கேக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் டாக்டர் உக்காந்து வெளக்க வேண்டியிருக்கு. காலம்பற முடிய வேண்டிய ஆபரேஷன் சாயங்காலம் ஆகுது. கொஞ்சம் மாத்திக் குடுங்க. பாக்க இதமா இருக்கணும், ஆனா…"

"ஆனா?"

சொல்ல வந்ததை மேனேஜர் தன் காதாலேயே கேட்டுவிட்டார் போலிருக்கிறது. கையிலிருந்த ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் பத்திய ஒழுங்கா எழுதி வாங்கிட்டு வாங்க," என்றார் டீச்சர். "அன்னைக்கே போட்டுத் தாரேன்."

மேனேஜர் பெரிய டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாசானம் இத்தனை நேரமும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் எதுவும் இல்லை. மெதுவாக நாற்காலியைத் திருப்பினார். தங்கச்சி விஷயம் முழுவதையும் அன்றைக்குத்தான் டீச்சரிடம் சொன்னார். சொல்லி முடித்த பிறகும், உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அந்த ஒன்பதாம் பத்திய நீங்க முதல்லயே வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

மாசானம் எழுந்துவிட்டார். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் டீச்சர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை.

"வாசிச்சுட்டா போட்டுக் குடுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந் தங்கச்சிட்டயாவது சொல்லியிருப்பேன்லா?"

"ஒங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கன்னே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

அது உண்மைதான். ஆனாலும் அவருக்கு ஆறவில்லை.

"சரி, எந் தங்கச்சிய விடுங்க. அவ்வளவு தப்பான வாசகம்னு தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே, இத நாங்க போட மாட்டோம்னு அந்த ஆள மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பியிருக்கலாமே. நான் வேண்டாம், வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்லா? ஏன் டீச்சர் கேக்கல?"

டீச்சர் மேஜையில் கிடந்த பழைய படிவத்தை, மேனேஜர் முதல் நாள் கொண்டுவந்த அந்தக் கறுத்த தாளை, எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா, ஒங்க தங்கச்சி கைல இதத்தான் குடுத்திருப்பாங்க."